ஓட்டமும் வேண்டுதலும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். உடம்பில் ஒரு குறை, மனசில் ஒரு வேண்டுதல். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓடலாமா? ஓட்டப் பயிற்சியாளர் ஒருவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு 47 வயது. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கேலிப்பர் போடுவதில்லை, கொஞ்சம் சாய்ந்து நடப்பேன். கைத்தறி வேலை. ஷூ இடது காலுக்கு 6, வலது காலுக்கு 8 அளவு. ஒரு மண்டலம் விரதம் இருந்து 5 கிலோமீட்டர் ஓடி முடிப்பதாகக் கோட்டை மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். முடியுமா?
– வாசகர், அம்மாபேட்டை

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நடக்கும்போது இடது கை தானாகப் போய் இடது தொடையில் ஊன்றுகிறதா? ஊன்றினால் ஓட வேண்டாம். முழங்காலை நிமிர்த்தி நிறுத்தும் பலம் முன்தொடைத் தசையில் இல்லை, அந்த வேலையைக் கை செய்கிறது என்று அர்த்தம். ஓடும்போது கைக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. முழங்கால் மடங்கி விழுவீர்கள். வாதம் வந்த காலில் எலும்பும் மெலிந்திருக்கும் என்பதால் சின்ன விழுகைகூட முறிவில் போய் முடியலாம். அப்படியானால் உங்களுக்கு நடையும் நீச்சலும்தான்.

கை ஊன்றுவதில்லை என்றால் அடுத்த சோதனை. தரையில் பாதம் படாத உயரமான நாற்காலியில் உட்கார்ந்து இடது முழங்காலை முழுக்க நீட்டி, பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்து தடவை. ஆறாவது ஏழாவது தடவையில் கால் நடுங்கிக் கீழே வந்தால் இன்னும் ஓட்டத்துக்கு நேரம் வரவில்லை. பத்தும் முடிந்தால், பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை தசை பலத்தை அளந்து பார்த்துவிட்டுத் தொடங்கலாம். 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 3 என்றால் தன் எடையை மட்டும் தூக்கும், அதற்கு மேல் தாங்காது. ஓட அது போதாது.

மற்றவர்கள் பயிற்சி செய்கிற மாதிரி நீங்கள் செய்யக் கூடாது. காரணம் இதுதான். வாதக் கிருமி தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பு செல்களில் பலவற்றைக் கொன்றுவிட்டது. பிழைத்த செல்கள் புதுக் கிளை விட்டு, ஆதரவில்லாமல் கிடந்த தசை நார்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. ஒருத்தர் சம்பாத்தியத்தில் மூன்று குடும்பம் நடக்கிற கணக்கு. நாற்பது வருஷம் அப்படி இழுத்தபின் அந்த செல்கள் தளரத் தொடங்கலாம். நன்றாக இருந்த காலில் புதிதாகப் பலவீனம், தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, குளிர் தாங்காமை எல்லாம் அப்போதுதான் வரும். களைக்கக் களைக்க ஓடினால் பலம் ஏறும் என்ற ஜிம் பேச்சு இந்தக் காலில் தலைகீழாக வேலை செய்யும்.

அதனால் அளவுகோல் ஓடும் நேரத்தில் இல்லை, மறுநாள் காலையில் இருக்கிறது. ஓடி 24 மணி நேரம் கழித்தும் கால் கனத்தாலோ, படி ஏற வழக்கத்தைவிடச் சிரமம் என்றாலோ, அடுத்த தடவை பாதியாகக் குறையுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து அப்படி ஆனால் ஒரு வாரம் நிறுத்துங்கள். இன்னொன்று: தறியில் இடது காலும் மிதிக்கிறது என்றால் அதுவும் உழைப்புக் கணக்கில் சேர வேண்டும். நாள் முழுக்க மிதித்துவிட்டு மாலையில் ஓடாதீர்கள். விடிகாலைதான் சரி.

ஒரு மண்டலம் 48 நாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் 24 ஓட்டம், போதும். முதல் 12 நாள்: 30 விநாடி மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, இப்படியே மாற்றி மாற்றி 2 கிலோமீட்டர். அடுத்த 12 நாள் ஓட்டம் 45 விநாடி, தூரம் 3 கிலோமீட்டர். மூன்றாவது 12 நாள் ஓட்டம் ஒரு நிமிடம், தூரம் மூன்றரை. கடைசி 12 நாளில் அதே ஒரு நிமிட ஓட்டம், நடை மட்டும் ஒன்றரை நிமிடமாகக் குறையும், தூரம் 4. நிறைவு நாளில் 5. ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் வெறும் நடை. கால் ஓய்ந்தபின் நடக்கலாம் என்று இருக்காதீர்கள், கால் நன்றாக இருக்கும்போதே நடைக்கு மாறுங்கள். வேண்டுதலில் ‘நடுவில் நடக்க மாட்டேன்’ என்று நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

விரதத்தில் ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. ஓட்டத்தில் அது வேண்டாம். தவறிய நாளை மறுநாள் சேர்த்து ஓடி ஈடு கட்டவும் வேண்டாம், விட்டது விட்டதுதான். ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் என்றால் அந்த ஒரு வேளையில் பருப்பும் தயிரும் தாராளமாக இருக்கட்டும். தசைக்குச் சரக்கு அதிலிருந்துதான் வர வேண்டும்.

இனி ஷூ. வெறுங்காலில் நிமிர்ந்து நின்று, இடது பாதத்துக்கு அடியில் மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் மட்டமானதும் பலகைகளின் மொத்த உயரத்தை அளக்கலாம். அந்த உயரம் முழுவதையும் ஷூவில் ஏற்றிவிடக் கூடாது, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைத்தே ஏற்ற வேண்டும். பலவீனமான பாதம் முன்னால் வரும்போது நுனி தொங்கும். உயரம் சரிசமமாக இருந்தால் விரல் தரையில் இடித்து விழுவீர்கள். ஏற்ற வேண்டியதில் ஒரு சென்டிமீட்டர் வரை ஷூவுக்குள் வைக்கலாம். அதற்கு மேல் உள்ளே வைத்தால் குதிகால் வெளியே நழுவும், மீதியை அடி சோலில்தான் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவரிடம் கெட்டி ரப்பர் வேண்டாம், ஹவாய் செருப்புக்குப் போடுகிற மாதிரி எடை இல்லாத ஸ்பாஞ்சு ஷீட் போதும் என்று சொல்லுங்கள். முன்பக்கத்தை மேல்நோக்கிச் சரிவாகச் செதுக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். முழு உயரத்தையும் ஒரே நாளில் ஏற்றினால் முதுகு பிடிக்கும். பாதி உயரத்தில் மூன்று வாரம் பழகிவிட்டு மீதி.

கடைசியாக, நல்ல கால். இவ்வளவு வருஷம் இரண்டு பேர் வேலையைப் பார்த்த வலது முழங்கால்தான் முதலில் மக்கர் பண்ணும். அது வீங்கினால் இடது கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். ஏற்காடு மலை அடிவாரத்திலிருந்து மேலே சேர்வராயன் கோயில் வரை செருப்பில்லாமல் ஓட்டமும் நடையுமாகப் போவதாக வேண்டுதல். மே மாதம் போகலாம் என்று இருக்கிறேன். உள்ளங்காலில் எப்போதாவது எரிச்சல் உண்டு, மற்றபடி ஒன்றும் இல்லை.
– வாசகி, கொண்டலாம்பட்டி

அம்மா, அந்த எரிச்சல்தான் எங்களுக்குக் கவலை. சர்க்கரையில் நரம்பு கெடும்போது முதலில் எரியும், குத்தும், அப்புறம் மரத்துப்போகும். ‘இப்போதெல்லாம் எரிவதில்லை’ என்று பலர் சந்தோஷப்படும் கட்டம்தான் ஆபத்தான கட்டம்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். மகளையோ மருமகளையோ இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் ஆறு விரல்களின் நுனியை இஷ்டப்பட்ட வரிசையில், ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதும் வலதா இடதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் தெரிந்தாலும், எரிச்சல் இருப்பதால் ஒருமுறை காட்டுவதே நல்லது.

இனி சாலை. சேலத்தில் மே மாதத்தில் 40 டிகிரி வெயில் சாதாரணம். அப்போது வெயிலில் கிடக்கும் தார் 60 டிகிரியையும் தாண்டும். உணர்ச்சி உள்ளவர் துள்ளி ஓரத்துக்குப் போய்விடுவார். மரத்த கால் துள்ளாது, கொப்புளம் வந்தது ராத்திரி கால் கழுவும்போதுதான் தெரியும். மேலே போகப் போகக் குளிரும் என்பது உண்மைதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் புண் வருவது கீழ்ப் பாதியில். கண்ணாடிச் சில்லும் முள்ளும் மேலே கீழே என்று பார்ப்பதில்லை.

வேண்டுதலை விடச் சொல்லவில்லை, எங்கே வெறுங்கால் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சாலையில் பருத்தி சாக்ஸும் விரல் நசுங்காத ஷூவும். கோயில் எல்லை வந்ததும் கழற்றிவிட்டு வெறுங்காலில் போங்கள். அங்கேயும் காலை எட்டு மணிக்கு முன். நேர்ந்துகொண்டதை மாற்றுவது மனசை உறுத்தினால் கோயில் பூசாரியிடம் விஷயத்தைச் சொல்லி, பதிலுக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இதற்கென்று அவர்களிடம் வழி இருக்கும்.

கிளம்பும் முன் சர்க்கரை பாருங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழவிடும் மாத்திரையோ எடுப்பவராக இருந்து அளவு 90-க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, ஏறியதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 250-க்கு மேல் என்றால் அன்று வேண்டாம். இடுப்புப் பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம் அளவு, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். மறுபடி பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. வீடு திரும்பியதும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட.

நம்பிக்கை இருந்தால் வலி தெரியாது, ஆடியில் தீ மிதிக்கிறவர்களைப் பார் என்கிறார் என் பயிற்சித் தோழர். முன்னங்காலில் வலியோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறேன். சரிதானா?
– வாசகர், சூரமங்கலம்

தீ மிதிக்கிறவர் குண்டத்தில் வைப்பது சில அடிகள். ஒவ்வொரு அடியும் கண நேரம்தான் படும், மரக் கரியும் சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். குண்டத்தில் நின்றுவிட்டால் பக்தருக்கும் சுடும், அது அவருக்கே தெரியும். நீங்கள் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஆயிரம் அடிக்கு மேல் வைக்கிறீர்கள். ஒப்பிட்டது தப்பு.

எல்லா வலிக்கும் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு காலிலும் பரவலாக, மந்தமாக, ஓடிய மறுநாள் கூடி மூன்று நாளில் இறங்குவது தசை வலி, லேசாக ஓடலாம். முன்னங்கால் எலும்பின் உள் ஓரத்தில் விரலால் நீவிப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் எலும்பின் மேலுறை நோகிறது. தூரத்தைப் பாதியாக்கி மண் தரைக்கு மாறுங்கள். ஒரு ரூபாய் நாணய அகலத்தில் ஒரே இடம் சுரீரென்றால், ராத்திரி படுத்தாலும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அன்றே நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். ‘எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது’ என்று திரும்ப ஓடிக் காலை முறித்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முகாமில் இலவசமாகக் கொடுத்த செயற்கைக் காலில் நன்றாக நடக்கிறேன். இதிலேயே ஓடலாமா?
– வாசகர், ஓமலூர்

பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம், தினமும் ஓட முடியாது. நடைக்குச் செய்த பாதம் தரையில் பட்ட அடியை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தள்ளாது. அந்தத் தள்ளலை உங்கள் இடுப்பு தர வேண்டியிருக்கும். சில வாரத்தில் கணுக்கால் போல்ட் தளரும், பாதத்தில் கீறல் விடும். போட்டியில் பார்க்கிற கார்பன் பிளேடு லட்சக்கணக்கில் விலை. தவிர அதில் நிம்மதியாக நிற்கக்கூட முடியாது, ஓடத்தான் அது. நடக்கவும் மெல்ல ஓடவும் பொதுவான, வளைந்து நிமிரும் கார்பன் பாதம் நடுத்தர வழி. அதைத் தேடும் முன் சாக்கெட்டை, அதாவது மிஞ்சிய காலை நுழைக்கும் கூட்டை, சரி செய்யுங்கள். பாதம் எவ்வளவு உசத்தியானாலும் சாக்கெட் கடித்தால் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டாது.

ஸ்டம்ப், அதாவது மிஞ்சிய கால், காலையில் ஒரு பருமன், மாலையில் ஒரு பருமன். இளைக்கும்போது அது சாக்கெட்டுக்குள் இறங்கும். முழங்கால் சிப்பியின் கீழ் விளிம்பு இடித்தாலோ, ஸ்டம்ப் நுனி அடியில் முட்டினாலோ ஸ்டம்ப் சாக்ஸ் கூட்டுங்கள். ஒரு பிளை (சாக்ஸின் கன அளவு) போட்டும் தீரவில்லை என்றால் மூன்று பிளை. மாறாக நுனி அந்தரத்தில் தொங்குகிற உணர்வும் ஊதா நிறமும் வந்தால் சாக்ஸ் அதிகமாகி, கால் முழுக்க இறங்கவில்லை; குறையுங்கள். ஸ்டம்ப் மேல் சிலிக்கான் லைனர் என்ற உறை போடுகிறவர்களுக்குச் சேலம் வெயிலில் வியர்வைதான் எதிரி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, கழற்றி, துடைத்து மாட்டுங்கள். கழற்றியதும் தெரிகிற சிவப்பு பத்து இருபது நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாத இடம் நாளைய புண். அது ஆறும்வரை ஓட்டம் கிடையாது, சாக்கெட் செய்தவரிடம் அந்த இடத்தைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

எனக்கு ஆஸ்துமா. ரமலான் மாதத்திலும் ஓட்டத்தை விட மனமில்லை. எந்த நேரம் நல்லது?
– வாசகர், கோட்டை

இஃப்தார் (நோன்பு திறப்பு) முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. பகலில் மூச்சு திணறினால் இன்ஹேலர் எடுக்கத் தயங்குவீர்கள், அந்தத் தயக்கத்தில்தான் ஆபத்து. இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே இரண்டு கருத்தும் உண்டு. உங்கள் இமாமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், திணறும் நேரத்தில் யோசிக்கக் கூடாது. தினசரி இரண்டு வேளை எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை சஹருக்கும் (விடியலுக்கு முந்திய சாப்பாடு) இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம்.

ஓட்டத்துக்கு 10–15 நிமிடம் முன் மருத்துவர் சொல்லியிருந்தால் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புட்டமால் இன்ஹேலர் இரண்டு பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்து. பிறகு பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கும்போது 30 விநாடி வேக ஓட்டம் நாலைந்து தடவை. அது பலருக்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மூச்சுக்குழாயைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். திணறல் பெரும்பாலும் ஓடும்போது வராது, நின்று ஐந்து பத்து நிமிடத்தில் வரும். ஓடி முடித்ததும் தனியாக வண்டி எடுத்துக் கிளம்பிவிடாதீர்கள்.

என் மகனுக்கு 11 வயது. பிறவியிலேயே மூளை பாதிப்பால் வலது கையும் காலும் இறுக்கம். ‘நம்ம ஊர் மாரியப்பன் மாதிரி வரணும்’ என்று எல்லோரும் சொல்ல, அவன் அழுகிறான்.
– வாசகி, ஆத்தூர்

சொல்கிறவர்களின் ஆசை நல்லதுதான், ஆனால் பாரம் பையன் தலையில். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஓட்டக்காரர் அல்ல, உயரம் தாண்டுபவர். விபத்தில் வலது கால் நசுங்கியவர். உங்கள் மகனுக்கு இருப்பதோ தசை இறுக்கம். பாரா தடகளத்தில் இருவரும் வேறு வேறு பிரிவு. மூளை பாதிப்பால் வரும் இறுக்கம் உள்ள, நின்று ஓடுகிறவர்களுக்கு டி35 முதல் டி38 வரை தனி வகுப்புகள் உண்டு. மாரியப்பனிடமிருந்து அவன் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். உயரம் கூடவே இல்லை, குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனாலும் எட்டு வருஷம் விடாமல் மூன்று பாராலிம்பிக்கில் போய் நின்றார்.

மகனுக்கு இப்போது வேண்டியது கெண்டைக்கால் நீட்டல். சுவரில் கை ஊன்றி, வலது குதிகால் தரையை விட்டு எழாமல், 30 விநாடி, மூன்று தடவை, தினமும். இறுகிய தசையை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும், மெதுவாகத்தான். கணுக்கால் பட்டை கொடுத்திருந்தால் ஓட்டத்திலும் அது இருக்கட்டும். மண் தரையில் 20 மீட்டர், எதிரே நீங்கள் நின்றுகொண்டு. களைத்தால் வலது விரல் தரையைத் தேய்க்கும். தேய்க்கிற சத்தம் கேட்டதும் அன்றைய விளையாட்டு முடிந்தது.

58 வயது. முழங்கால் தேய்மானம், ஆரம்பக் கட்டம். ஏற்காட்டுக்கு ஓடி ஏறி இறங்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

ஏறுங்கள், இறங்காதீர்கள். ஏற்றம் மூச்சுக்கு வேலை, இறக்கம் முழங்காலுக்கு வேலை. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்துகிறது. சிப்பி தொடையெலும்பில் அழுந்துவது அப்போதுதான் அதிகம். திரும்ப பஸ்ஸில் வாருங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். வளைவுகளில் எண் போட்டிருக்கிறது. முதல் வாரம் மூன்றாவது வளைவு வரை, வாரத்துக்கு ஒரு வளைவு கூட்டலாம். எதிரே வண்டி தெரியும்படி வலது ஓரமாகப் போங்கள். வளைவில் பஸ் அகலமாகத் திரும்பும். சத்தம் கேட்டால் நின்று வழி விடுங்கள். மூடுபனி நாளில் வேண்டாம். கையில் பழப்பை தொங்கினால் குரங்கு பறிக்க வரும், நீங்கள் பதறித் திரும்புவீர்கள், முழங்கால் அங்கேதான் பிசகும்.

எனக்கு வலது பாதம் சின்னது. வலதுக்கு 6, இடதுக்கு 8. ஓட்ட ஷூ ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றில் பாதியைத் தூக்கிப் போடுகிறேன். வேறு வழி உண்டா?
– வாசகி, ஏற்காடு

8-ம் அளவு ஜோடி ஒன்று வாங்கி, சின்னப் பாதத்துக்கு உள்ளே கூடுதல் அட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஒரு அளவு வித்தியாசம் என்றால் சரி. இரண்டு அளவுக்குப் பாதம் முன்னால் சறுக்கி நகம் கறுக்கும். பழைய 6-ம் அளவு இடது ஷூக்களைத் தூக்கிப் போடாதீர்கள். இதே பக்கத்தில் முதல் கேள்வி கேட்ட அம்மாபேட்டை வாசகருக்கு இடது 6, வலது 8. நீங்கள் ஒரு ஜோடி, அவர் ஒரு ஜோடி வாங்கினால் நாலு ஷூவும் பயன்படும். ஆண், பெண் ஷூக்களுக்கு அளவு எண் மாறும் என்பதால் இருவரும் பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். சம்மதம் என்றால் கடிதத்தை மாற்றிச் சேர்ப்பிக்கிறோம்.